சிப்காட் (அரசு தொழிற்பேட்டை) பக்கத்துல இருக்கவங்க, அங்க வேலை பாத்தவங்க அனுபவம் சொல்லுங்க

கழனிக்காரன்:
எங்க ஊரு சுங்குவார்சத்திரத்துல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி. நிலம் எடுக்கும்போது வீட்டுக்கு ஒரு வேலைன்னு பேச்சு, எங்க தெருவுல பெர்மனென்ட் ஆனவங்கள விரல் விட்டு எண்ணிடலாம், மத்தவன்லாம் கான்ட்ராக்ட்ல செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், இல்லன்னா கம்பெனி வேன் ஓட்டுறான். அதுக்காக துட்டே வரலன்னு சொன்னா பொய், வாடகையா வந்துச்சு. எங்கப்பா மாட்டுக்கொட்டாய இடிச்சிட்டு வரிசையா ஒத்த ரூமா லைன் வீடு கட்டுனாரு. மிச்ச கழனி தரிசா கெடக்கு, நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து தூங்குற பொண்ண எழுப்பி நடவுக்கு வாடின்னு கூப்பிட முடியுமா. நடுவுல பக்கத்துல ஒரு கம்பெனிய மூடிட்டான், எல்லா ரூம்லயும் டூலெட் போர்டு, லோன் மட்டும் மாசம் பொறந்தா டான்னு வந்து நிக்கும்.

செங்கம் பொண்ணு:
அண்ணா, நான் அந்த மாதிரி லைன் வீட்லதான் தங்கியிருந்தேன். ரூமுக்கு வாடகை கெடையாது, தலைக்கு இவ்ளோன்னு வாங்குவாங்க, அதனால எத்தன பேர அடைக்க முடியுமோ அத்தன பேர். காலைல ஏ ஷிஃப்ட்காரி எந்திரிச்சு போன பாய்ல நைட் சி ஷிஃப்ட் முடிச்சவ வந்து விழுவா, சூடு கூட ஆறியிருக்காது. போர் தண்ணி உப்பு, குடிக்க கேன் வாங்கணும், கேன் போடுறது யாருன்னா ஹவுஸ் ஓனர் தம்பி 😀 சம்பளம் ஏஜென்சி வழியா வரும், இது என்ன பிடித்தம்னு கேட்டா பதிலே வராது. 2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் கம்பெனி ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காம ஆஸ்பத்திரி போனதும் பொண்ணுங்க ராத்திரியில ஹைவேல உக்காந்தாங்களே, அது ஒரு நாள் சோத்துக்கு வந்த கோவமா என்ன.

பெரும்புதூர்வாசி:
இங்க இருந்த நோக்கியா செல்போன் ஃபேக்டரிய யாரும் சொல்லலயே? 2006ல ஆரம்பிச்சாங்க, 2014 நவம்பர் 1ல மூடிட்டாங்க, ஆயிரக்கணக்குல சின்னப் பசங்க வெளிய வந்தாங்க. 2019ல அந்த இடத்த செல்போன் சார்ஜர் பண்ற சால்காம்ப் கம்பெனி வாங்குச்சு, சரி, ஆனா அதுக்குள்ள பழைய ஆளுங்களுக்கு முப்பது தாண்டிடுச்சு, எங்க பக்கம் ஃபேக்டரி லைன் வேலைக்கு ஆள் எடுக்கறப்ப முதல்ல வயசத்தான் கேப்பாங்க.

கழனிக்காரன்:
தங்கச்சி, நீ சொல்றது எங்க வீட்டுக்கும் பொருந்தும்மா, இல்லன்னு சொல்ல மாட்டேன். 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல சிப்காட் ஹாஸ்டல் தொறந்தாங்க, 18,720 பொண்ணுங்க தங்கலாம், வாடகைய நம்பி இருக்கிற எங்களுக்கெல்லாம் உள்ளுக்குள்ள வயித்தெரிச்சல்தான். எங்க ரூம் பொண்ணுங்களும் காலி பண்ணிட்டாங்க. இப்ப ஒடிசா பசங்களுக்கு விட்டிருக்கேன். தலைக்கு இல்ல, ரூமுக்குத்தான்.