ஐஸ் உருகுற பெசேஜ்ல ட்ரூவா ஃபோல்ஸா?

ஹட்டன்காரி: ஐஈஎல்டிஎஸ் (இங்கிலீஷ் டெஸ்ட்) ரீடிங் ப்ராக்டிஸ்ல ஆர்க்டிக் பத்தி ஒரு பெசேஜ், அதுக்கு கீழ ட்ரூ, ஃபோல்ஸ், நொட் கிவன்னு போடுற கேள்வியில கடல்ல மிதக்கிற ஐஸ் உருகினா கடல் மட்டம் நல்லா ஏறும்னு இருந்திச்சு, நான் ட்ரூ போட்டேன், ஆன்சர்ல ஃபோல்ஸாம். ஏன்?

தேயிலைமலை: தங்கச்சி, ஒரு கிளாஸ்ல ஐஸ் கட்டி போட்டு விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி வச்சு பாருங்க, உருகினாலும் வழியாது. மிதக்கிறது ஏற்கனவே எடத்த புடிச்சிருச்சு. கிரீன்லாந்து, அண்டார்டிகால தரை மேல கெடக்கிற ஐஸ் கடலுக்கு போனாத்தான் மட்டம் ஏறும்.

பண்டாரவளை: அண்ணன் சொல்றது சரி, ஆனா அது பெசேஜ்லயே இருக்கணும், இல்லாட்டி ஆன்சர் நொட் கிவன்தான். பெசேஜ பாக்காம எனக்கு தெரியும்னு எழுதித்தான் நான் பென்குயின் கேள்வியில மார்க்க விட்டேன்.

ஹட்டன்காரி: ஐயோ, மூணாவது பந்தியில இருக்கு! அவசரத்துல தாண்டிட்டேன்.