ஜீனை வெட்டினா அது எப்ப வேலை செய்யுது எண்டு எப்பிடித் தெரியும்?

முத்தையன்கட்டுப் பிள்ளை:
வணக்கம். கிளிநொச்சி அறிவியல் நகரில விவசாயம் படிக்கிறன். இந்தக் காலபோகம் காத்தும் மழையும் அடிச்ச கையோட எங்கட வயலில இலை ஓரங்கள் நுனியில இருந்து மஞ்சளிச்சுக் காய்ஞ்சுது. பக்கத்து வயல்காரர் யூரியா காணாது எண்டினம். நான் இலையை வெட்டித் தண்ணிக் கிளாசில வைச்சன். வெட்டு வாயால வெள்ளையாக் கசிஞ்சுது. பற்றீரியா இலை வெளிறல்தான்.

அதைப் பற்றித் தேடேக்க ஸ்வீட் 14 எண்ட ஜீன் வந்துது. என்ர கேள்வி இதுதான்: கிரிஸ்பர் எண்ட ஜீன் வெட்டிற கருவியால வெட்டினா ஜீன் செத்துப்போகும். செத்த ஜீனை வைச்சு, அது எப்ப, எங்க, எவ்வளவு வேலை செய்யுது எண்டு எப்பிடிப் படிக்கிறது?

வவுனியா அக்கா:
தங்கச்சி, ஜீனைத் தொடவே தேவையில்லை. அதுக்கு முன்னால, அது எப்ப, எங்க, எவ்வளவு வேலை செய்யோணும் எண்டு கட்டளையிடுற புரோமோட்டர் எண்ட டிஎன்ஏத் துண்டு இருக்கு. அதை வெட்டும். குளம் அப்பிடியே கிடக்க, துருசை மட்டும் மாத்திற வேலை.

உம்மட நோயே இதுக்கு நல்ல உதாரணம். சாந்தோமோனாஸ் பற்றீரியா தன்ர புரதம் ஒண்டை நெல்லின்ர கலத்துக்குள்ள செலுத்தும். அது ஸ்வீட் ஜீனின்ர புரோமோட்டரில ஒரு குறிப்பிட்ட டிஎன்ஏ எழுத்து வரிசையில போய் ஒட்டி ஜீனை எழுப்பிவிடும். ஸ்வீட் புரதத்தின்ர வேலை சீனியைக் கலத்துக்கு வெளியால கடத்திறது. வெளியில நிக்கிற பற்றீரியா அதைத் திண்டு பெருகும்.

சரி, ஜீனையே அழிச்சா? ஸ்வீட் 11 ஐ அடக்கிப் பாத்தவை. மகரந்தம் பழுதாகி நெல் பதராப் போச்சு. செடிக்கும் அந்தச் சீனி வேணுமெல்லே. அதாலதான் பற்றீரியாப் புரதம் ஒட்டிற இடத்தில மட்டும் சில எழுத்துகளை மாத்தினவை. பற்றீரியாவுக்குப் பிடி இல்லை, செடியின்ர சொந்தக் கட்டளை வழமைபோல நடக்குது. 2012 இல டாலன் எண்ட முந்தின கருவியால ஸ்வீட் 14 இல இதைச் செய்து காட்டினவை. 2019 இல கிரிஸ்பரால 11, 13, 14 மூண்டின்ர புரோமோட்டரையும் மாத்தினவை. ஐஆர் 64 நெல்லிலயும் பலவகைப் பற்றீரியாவுக்கு எதிர்ப்பு வந்துது.

எந்த எழுத்துப் போனா எந்தக் கட்டளை நிக்குது எண்டு பாக்கிறதுதான் நீர் கேட்ட படிப்பு. எக்ஸ்ஏ 13 எண்ட இயற்கை எதிர்ப்பும் ஸ்வீட் 11 புரோமோட்டரில வந்த மாற்றம்தான். அதை முதல் வாசிச்ச அண்டைக்கு எனக்கு அவ்வளவு சந்தோசம்.

பரந்தன் தம்பி:
தக்காளியையும் பாருங்கோ. 2017 இல அமெரிக்காவில கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில லிப்மன் குழு, கிளாவாட்டா 3 ஜீனின்ர புரோமோட்டரை எங்க வெட்டோணும் எண்டு கிரிஸ்பருக்குக் காட்டிற எட்டு வழிகாட்டி ஆர்என்ஏவால ஒரேயடியா வெட்டினது. பழத்தின்ர அறைகள் கூடிக் குறைஞ்ச பல செடிகள் கிடைச்சுது. ஆனா ஜீன் வெளிப்பாடு மாறின அளவுக்குப் பழம் மாறேல்லை. ஜீன் வேலை செய்யேக்க உண்டாகிற நகலான ஆர்என்ஏவை மட்டும் அளந்துபோட்டு முடிவு சொல்லாதேங்கோ.

முத்தையன்கட்டுப் பிள்ளை:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. அப்ப ஏட்டி 362, மொட்டைக்கறுப்பன் எண்ட எங்கட நெல் இனங்கள் ரெண்டிலயும் அந்தப் புரோமோட்டர் வரிசை ஒண்டுதானோ?

வவுனியா அக்கா:
அதையே ஆய்வுக்கு எடும். கிரிஸ்பர் பிறகு பாக்கலாம். ரெண்டிலயும் புரோமோட்டர் துண்டைப் பிசிஆர் எண்ட டிஎன்ஏ நகலெடுக்கிற முறையில பெருக்கி வரிசையை வாசிப்பியும். பற்றீரியாக் கரைசலில தோய்ச்ச கத்தரிக்கோலால இலை நுனியை வெட்டி, ரெண்டு நாளுக்குள்ள ஸ்வீட் 14 இன்ர ஆர்என்ஏவை அளவும். ரெண்டு கிழமையால காயத்தின்ர நீளத்தை அளவும். வெட்டாத செடியும், வெறுந்தண்ணியில தோய்ச்சு வெட்டின செடியும் பக்கத்தில இருக்கோணும். எல்லாம் வலைவீட்டுக்குள்ள, வயலில வேண்டாம்.