மறு: லோகேல், கிரிப்டிக் ஸ்பீசிஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> இரண்டுக்குமே 'மறைசிற்றினம்' என்று வைத்துவிடலாமே, போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். லோகேல் என்பது ஒரே சிற்றினத்தின் ஊர்வாரி வகை; கிரிப்டிக் ஸ்பீசிஸ் என்பவை பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உண்மையில் வெவ்வேறான சிற்றினங்கள் (ஸ்பீசிஸ்). இரண்டும் ஒன்றல்ல. ஏன் என்று பச்சோந்திகளை வைத்தே சொல்கிறேன்.

மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை எடுத்துக்கொள்வோம். விலங்கியல் பெயர் ஃபுர்சிஃபர் பார்டாலிஸ், 1829இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே (Cuvier) விவரித்தது. நோசி பே தீவில் ஆண்கள் நீலம் கலந்த பச்சை. அம்பிலூபே பக்கம் போனால் சிவப்பும் நீலமும் பட்டை பட்டையாக இருக்கும். பச்சோந்தி வளர்ப்பவர்கள் ஊர்ப்பெயரைச் சொல்லித்தான் ஒவ்வொன்றையும் அழைக்கிறார்கள். அந்த ஊர்வாரி வகைதான் லோகேல். பெண்களோ எந்த ஊராக இருந்தாலும் பழுப்பும் மங்கிய இளஞ்சிவப்பும்தான். பார்த்துப் பிரிப்பது கடினம்.

ஜெனீவா பல்கலைக்கழகத்தின் மிஷேல் மிலின்கோவிச் குழு 324 பச்சோந்திகளைப் படமெடுத்து, ஒரு சொட்டு இரத்தமும் எடுத்து, முடிவுகளை 2015இல் வெளியிட்டது. மரபுவழிகள் இடவாரியாகப் பிரிந்திருந்தன, அவற்றிடையே கலப்பு மிகக் குறைவு. ஆணின் நிறக்கோலத்தை வைத்தே எந்த மரபுவழி என்று பெரும்பாலும் கணிக்கவும் முடிந்தது. 11 சிற்றினங்கள் இருக்கலாம் என்றார்கள். ஆனாலும் பட்டியல்களில் இன்றும் அது ஒரே சிற்றினம்தான். அறிவியல் இன்னும் முடிவுசெய்யாததை நம் சொல் முந்திக்கொண்டு முடிவுசெய்யக் கூடாது. அதனால் லோகேலுக்கு 'இனம்' என்ற பகுதியே வேண்டாம், 'வட்டார உரு' போதும். 'துணையினம்' என்றும் எழுதாதீர்கள், அது வகைப்பாட்டில் முறையான ஒரு படிநிலை.

சரி, கிரிப்டிக் ஸ்பீசிஸுக்கு வருவோம். 'மறை' என்று தொடங்கினால், அதுவும் பச்சோந்தியைப் பற்றிய கட்டுரையில், இலைக்குள் ஒளிந்துகொள்ளும் பிராணி என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'கரந்துறை சிற்றினம்' (கரந்து என்றால் மறைந்து) காதுக்கு எவ்வளவோ இனிமை, ஆனால் அதற்கும் இதே சிக்கல். இங்கே மறைந்திருப்பது விலங்கு அல்ல, இரண்டு சிற்றினங்களுக்கு நடுவே உள்ள எல்லை. மூக்கு நுனியில் மெத்தென்ற நீட்சியுள்ள கலும்மா நசூட்டம் என்ற பச்சோந்திக் குழுவைப் பாருங்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். நுண் சிடி ஸ்கேனில் தெரியும் மண்டையோட்டு எலும்புகள், ஆணின் இனப்பெருக்க உறுப்பு, டிஎன்ஏ இவற்றை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். இதற்கு 'ஒப்புருச் சிற்றினங்கள்' என்பது என் பரிந்துரை.

அப்புறம், 'நிறமாற்றம்', 'நிறவேறுபாடு' இரண்டையும் கலந்து எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துவோம். எதிரி ஆணைக் கண்டதும் சில நிமிடங்களில் பச்சை மஞ்சளாவது நிறமாற்றம். தோல் செல்களிலுள்ள குவானின் படிகங்களின் இடைவெளி கூடுவதால் நடப்பது. ஊருக்கு ஊர் ஆண்களின் நிறம் வேறாக இருப்பது நிறவேறுபாடு. வகைப்பாட்டுக்கு உதவுவது அது மட்டும். அதிலும், அமைதியாக இருக்கும் ஒன்றையும் சீறி நிற்கும் ஒன்றையும் ஒப்பிட்டால் பயனில்லை.

மறுப்பு வராவிட்டால் 'வட்டார உரு', 'ஒப்புருச் சிற்றினம்' இரண்டையும் விக்சனரியில் ஏற்றிவிடலாம். 'உரு'வுக்குப் பதில் 'வடிவம்' வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.