641 எப்படிச் சிக்கியது? பத்தாவது பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். பத்தாவது படிக்கும் மகள் ஒரு எண்ணோடு வந்து நிற்கிறாள்: 4294967297. அதாவது 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1. 3, 5, 17, 257, 65537 என்ற ஃபெர்மா எண்களுக்கு (2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்கோடு 1) அடுத்தது. அவை ஐந்தும் பகா எண்கள். இதுவும் அப்படித்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் உடைத்துவிட்டார்: 641 × 6700417.

641 வகுக்கும் என்பதைக் காட்டிவிட்டேன். 641-ஐ 5 × 128 + 1 என்றும் 625 + 16 என்றும் எழுதினால், பெரிய வகுத்தலே வேண்டாம், மீதிகளை வைத்தே முடிந்துவிடும். (எனக்கே இது போன வாரம்தான் தெரியும், அவளிடம் சொல்லவில்லை.)

மாட்டியது அடுத்த கேள்வியில்: "641-னு அவருக்கு எப்படிப்பா தோணுச்சு?"

இதன் பகாக் காரணி எதையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வருமாம். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577; ஐந்தாவதே 641. சரி, ஏன் மீதி 1? மட்டு எண்கணிதம் (மீதிகளை வைத்துக் கணக்கிடுவது) அவளுக்குத் தெரியும், ஃபெர்மாவின் சிறிய தேற்றம் (p என்ற பகா எண் a-ஐ வகுக்காவிட்டால், a-இன் (p−1)-ஆம் அடுக்கை p-ஆல் வகுக்க மீதி 1 வரும் என்பது) தெரியாது. அது இல்லாமல் விளக்க வழி உண்டா?

இன்னொன்று: 6700417 பகா எண் என்று கையால் சரிபார்க்க, அதன் வர்க்கமூலமான சுமார் 2588 வரை இதே வகைப் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும்தானே? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.