கேஸ் மடக்குக் கத்தி: 1974ஆ 1984ஆ? ஸ்டீல் என்ன?

மக்களே, பழைய கத்தி சேர்க்குறவங்க யாராச்சும் இருக்கீங்களா? இங்க பென்சில்வேனியால ஒரு ஃப்ளீ மார்க்கெட்ல கேஸ் (Case)ங்கற அமெரிக்க கத்தி கம்பெனியோட மூணு பிளேடு மடக்குக் கத்தி, ஸ்டாக்மேன்னு சொல்ற வகை, ஒண்ணு வாங்கினேன், வித்தவர் 'உலகப் போர் காலத்துது'ன்னார், சும்மா அடிச்சு விடுறார், ஏன்னா பிளேடு அடியில இருக்க கம்பெனி முத்திரைல, அதான் ஸ்டாம்ப்ல, புள்ளி இருக்கு, கேஸ்ல புள்ளி வச்சது 1970லதான், அந்த வருஷம் 10, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு குறையும், 1980ல திரும்ப 10லேர்ந்து ஆரம்பிச்சாங்க. என்னோடதுல 6 புள்ளி. அப்போ 1974 இல்லன்னா 1984. 80கள்ல வந்ததுல CASEங்கற பேர்ல இருக்க எஸ் எழுத்து மின்னல் மாதிரி கோணலா இருக்கும், ஆனா இதுல எஸ் பாதி தேய்ஞ்சுபோச்சு, லென்ஸ் வச்சுப் பாத்தும் பிடிபடல.

இன்னொண்ணு ஸ்டீல். பின்பக்கம் 6318 தெளிவா இருக்கு (6 கைப்பிடி வகை, 3 பிளேடு எண்ணிக்கை, 18 மாடல்), அதுக்கு அடுத்து எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) இருந்துச்சான்னு தெரியல, அந்த இடம் மழுங்கிக் கிடக்கு. பிளேடெல்லாம் சாம்பல் கலர் ஏறியிருக்கு, அதனால குரோம் வனேடியம் கார்பன் ஸ்டீல்னு தோணுது. அடிப்பக்கம் ஒரு சொட்டு வினிகர் வச்சு, கார்பன் ஸ்டீல் மாதிரி கறுக்குதான்னு பாக்கலாமா, இல்ல கறை நின்னு விலை போயிடுமா? 70கள் கேஸ் வச்சிருக்கவங்க ஸ்டாம்ப் போட்டோ கிட்டத்துல எடுத்துப் போடுங்களேன், எஸ்ஸ ஒப்பிட்டுப் பாத்துக்கறேன்.