பில்லிங் சாப்ட்வேருக்குத் தேய்மானம் 40-ஆ, 25-ஆ?

டைல்ஸ்பட்டறை:
வணக்கம். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை, பங்குதாரர் நிறுவனம். 2024 நவம்பரில் பில்லிங், ஸ்டாக் பார்க்க ஒரு சாப்ட்வேர் வாங்கினோம், 45,000 ரூபாய், ஜிஎஸ்டி 8,100 தனி. சிடி எதுவும் கிடையாது, மெயிலில் லிங்க்கும் சாவி நம்பரும் வந்தது, அவ்வளவுதான். கணக்கு எழுதுபவர் இது கண்ணுக்குத் தெரியாத சொத்து, வருமான வரியில் தேய்மானம் (சொத்தின் விலையில் வருடா வருடம் செலவாகக் கழிக்கும் பங்கு) 25% தான் என்கிறார். கம்ப்யூட்டருக்கு 40% போடும்போது இதற்கு மட்டும் ஏன் குறைகிறது?

செக்காலைரோடு:
அவர் சொல்வது சரிதானே? தொட்டுப் பார்க்க முடியாதது எப்படி மெஷின் கணக்கில் வரும்? லைசென்ஸ், காப்புரிமை எல்லாம் 25% தான்.

வரிக்கணக்கு_காரைக்குடி:
தொட முடியுமா என்பதை வைத்து முடிவு செய்வதில்லை அண்ணே. வருமான வரி விதிகளின் தேய்மானப் பட்டியலில், தொட்டறியும் சொத்துகள் பகுதியில், மெஷினரிக்குக் கீழேயே 'கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் சாப்ட்வேர் உட்பட' என்று எழுதியிருக்கிறது, 40%. 2017 மார்ச் வரை 60% இருந்தது. டிஸ்க், டேப் அல்லது வேறு சேமிப்புச் சாதனத்தில் பதிந்த புரோகிராம் என்று விளக்கமும் உண்டு, உங்கள் ஹார்டு டிஸ்க்கில் இருப்பதும் அதில் அடங்கும் என்பது என் வாதம். அதிகாரி லைசென்ஸ் என்று பிடித்தால் 25% கேட்பார், அதனால் பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வருட சந்தாவாக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், செலவில் எழுதிவிடலாம்.

நவம்பரில் வாங்கியதால் அந்த வருடம் 180 நாளுக்குக் குறைவு, அதனால் 40-ல் பாதி, 20% தான்: 9,000. அடுத்த வருடம் மீதி 36,000-க்கு 14,400.

மானகிரி:
விற்பனை வரியில் இந்தச் சண்டை 2004-லேயே முடிந்தது. டாடா கன்சல்டன்சி வழக்கில், சிடியில் விற்கும் ரெடிமேட் சாப்ட்வேர் சரக்குதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜிஎஸ்டியில் சேவையோ சரக்கோ, 18% போகிறது, கடைக்காரருக்கு என்ன வித்தியாசம்! கம்பெனிகள் மட்டும் தங்கள் புத்தகத்தில் தொட்டறியாத சொத்து என்றே காட்டும், அது கணக்கியல் விதி, வரிக்கு வேறு.

டைல்ஸ்பட்டறை:
நன்றி அண்ணே. அந்த 8,100-க்கு ஜிஎஸ்டி கிரெடிட் எடுத்துவிட்டோம், அதாவது நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்டோம். தேய்மானம் 53,100-க்குப் போடலாமா?

வரிக்கணக்கு_காரைக்குடி:
கூடாது. கிரெடிட் எடுத்த வரிக்குத் தேய்மானம் கிடையாது. 45,000 மட்டும்தான்.