சத்தத்துக்கு ஒதுங்கும் செட்டர் குட்டி: பறவை வேட்டைக்குப் பழக்கியவர்களின் அனுபவங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா காடுகளில் கிரவுஸ், வுட்காக் என்ற காட்டுப் பறவைகளின் வேட்டைக்காக இங்கிலீஷ் செட்டர், பிரிட்டனி என்ற நாய் இனங்களில் ஒன்றை வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "குட்டிக்கு மோப்பம் நன்றாக இருக்கிறது, ஆனால் எதைக் கண்டாலும் ஒரு அடி பின்வாங்குகிறது. தேறுமா?" பெரும்பாலும் தேறும். முதலில் பறவை, அடுத்து சத்தம், அதற்கும் பிறகுதான் கட்டளை. இந்த வரிசை மாறினால்தான் சிக்கல்.

நம் ஊர் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்துபவை. செட்டர் மூக்கை நம்புகிற நாய். பறவையின் வாடை பட்டதும் அசையாமல் நின்று திசை காட்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க வழக்கம், அதுவும் உரிமம் வாங்கிக்கொண்டு செய்வது.

குட்டி எட்டு வாரத்தில் வீட்டுக்கு வரும். எட்டிலிருந்து பதினொன்று வாரம் வரை பட்ட பயம் ஆழமாகப் பதிந்துவிடும். அந்த நாட்களில் தார்ப்பாய், சரளைக்கல், இரும்புக் கம்பித் தட்டு, கணுக்கால் அளவு தண்ணீர், உயரமான புல் எல்லாவற்றையும் குட்டி தானே போய் மோந்து பார்க்க விடுங்கள். தூக்கிக்கொண்டு போய் நிறுத்த வேண்டாம், "வா வா" என்று கெஞ்சவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். திடுக்கிட்ட குட்டி பத்து வினாடிக்குள் திரும்பி வந்து மோந்தால் கவலையில்லை. காருக்கு அடியில் ஒரு நிமிடம் பதுங்கியே இருந்தால் நீங்கள் போன தூரம் அதற்கு அதிகம். அடுத்த முறை இரு மடங்கு தள்ளி நின்று தொடங்குங்கள்.

*

பறவை பற்றிச் சொல்கிறேன். தூண்டில் கோலில் இறக்கை கட்டி ஆட்டும் விளையாட்டு இரண்டு மூன்று முறை போதும். அதற்கு மேல் போனால் குட்டி மூக்கை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்து நிற்கப் பழகிவிடும்.

பயந்த குட்டிக்கு முதல் பறவை காடையாக இருக்கட்டும். புறா கனமானது, சிறகால் முகத்தில் அறையும். ஒரு பக்கச் சிறகின் பறக்கும் இறகுகளை வெட்டிய காடையைக் கணுக்கால் உயரப் புல்லில் விட்டு, குட்டி தேடட்டும், துரத்தட்டும், பிடிக்கட்டும். ஒரு தடவைக்கு இரண்டு பறவை, பத்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு நாள். இன்னும் வேண்டும் என்று அது துடிக்கும்போதே காரில் ஏற்றிவிடுங்கள். ஐந்தாறு மீட்டர் கயிறு பின்னால் இழுபட்டுக்கொண்டு கிடந்தால் போதும், பிடித்து இழுக்கக் கூடாது. விறைப்பான, தடித்த கயிறாக வாங்குங்கள். மெல்லிய நைலான் செடியில் சிக்கும், கையையும் அறுக்கும்.

வளர்ப்புக் காடையை வைத்திருக்கவும் விடவும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. இயற்கை வளத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

*

அதிகமான குட்டிகள் கெடுவது லாஞ்சரில்தான். புறாவை உள்ளே வைத்து ரிமோட்டை அழுத்தினால் மேலே தூக்கி எறியும் ஸ்பிரிங் கூடு அது. குட்டி ஒரு மீட்டர் பக்கத்தில் மூக்கை நீட்டியிருக்கும்போது ஸ்பிரிங் வெடித்து, உலோகம் அடித்துக்கொண்டு, புறா முகத்துக்கு நேரே எழும்பினால், குட்டியின் மனதில் பறவை வாடையும் அந்த அதிர்ச்சியும் ஒன்றாகிவிடும். அதற்குத் துப்பாக்கியே தேவையில்லை.

ஆகவே முதல் ஐந்தாறு புறாவை உதவியாளர் கையால் வீசட்டும். துரத்துவதில் ருசி கண்ட பிறகு லாஞ்சர். குட்டியைக் காற்றுக்குக் குறுக்காக, லாஞ்சரிலிருந்து பதினைந்து இருபது மீட்டர் தள்ளிக் கொண்டு வாருங்கள், காற்று லாஞ்சர் பக்கமிருந்து வீச வேண்டும். வாடை பட்ட கணம் தெரியும்: ஓட்டம் தடைபடும், தலை மட்டும் வெடுக்கென்று திரும்பும், நாசித்துளை விரியும், வால் ஆட்டம் நிற்கும், சில குட்டிகளுக்கு முன்கால் ஒன்று பாதியில் தொங்கும். அப்போதே அழுத்துங்கள். பத்து மீட்டருக்குள் நெருங்க விடாதீர்கள். வாய் பேசவே வேண்டாம். "வோ" என்று நிறுத்துவதைப் பறவையே இல்லாத முற்றத்தில் தனியாகக் கற்றுக்கொடுங்கள். பறவை முன்னால் அதட்டினால் பறவைதான் தன்னை அதட்டியது என்று அது எடுத்துக்கொள்ளும். ரிமோட்டால் மின்னதிர்வு தரும் எலக்ட்ரானிக் கழுத்துப்பட்டைக்கும் இதே பேச்சுதான், பறவை இருக்கும் இடத்தில் பொத்தானைத் தொடாதீர்கள்.

*

அடுத்து, துப்பாக்கிச் சத்தம் எப்போது? மாதக் கணக்கு கிடையாது. பறவையைக் கண்டால் உங்களையே மறந்து ஓடுகிறதா, அப்போதுதான். நூறு மீட்டர் தள்ளி உதவியாளர், கையில் பாயிண்ட் 22 வெற்றுத் தோட்டாப் பிஸ்டல், குழல் நாய்க்கு எதிர்ப்பக்கம். புறா எழுந்து குட்டி முழு வேகத்தில் துரத்தும்போது ஒரே ஒரு வெடி. எல்லாம் சரியாக இருந்தால் அடுத்தடுத்த நாட்களில் எண்பது, அறுபது, நாற்பது, இருபது மீட்டர். பிறகு மறுபடி நூறு மீட்டரிலிருந்து, இம்முறை 28 அல்லது 20 கேஜ் வேட்டைத் துப்பாக்கி. ஓடிக்கொண்டே தலையைத் திருப்பிப் பார்த்தால் பரவாயில்லை. துரத்தலை விட்டுவிட்டு உங்கள் காலடிக்கு வந்தால் இரண்டு வாரம் வெறும் பறவை மட்டும், பிறகு முதல் தூரத்திலிருந்தே.

சுடும் பயிற்சித் திடலுக்குக் கூட்டிப்போய் "பழகட்டும்" என்று கட்டிப்போடுவது, சாப்பிடும்போது பாத்திரத்தைத் தட்டுவது, இரண்டும் வேண்டவே வேண்டாம். அமெரிக்க விடுதலை நாளான ஜூலை 4 வாணவேடிக்கை இரவில் குட்டி வீட்டுக்குள், மின்விசிறி ஓடும் அறையில் இருக்கட்டும்.

*

இதில் ஒன்று சேர்க்க வேண்டும். வேட்டை நாய்களுக்குத் தேர்வு நடத்தும், 1969-இல் தொடங்கிய நாவ்டா (NAVHDA) அமைப்பின் இயல்புத்திறன் தேர்வில் 16 மாதத்துக்குள் போனால்தான் பரிசுத் தரம் கிடைக்கும். தேர்வில் வெடிச்சத்தமும் உண்டு. தேதி நெருங்குகிறதே என்று பலர் துப்பாக்கியை அவசரப்படுத்துகிறார்கள். ஆறிலிருந்து பதினான்கு மாதத்துக்குள் இரண்டாவது முறை பயம் தலைகாட்டும், நேற்று வரை கண்டுகொள்ளாத குப்பைத் தொட்டியைப் பார்த்து இன்று குரைக்கும். அந்த வாரங்களில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். தேர்வைத் தவறவிட்டாலும் நாய் மிஞ்சும்.

*

ஏற்கெனவே கெட்டுப்போன குட்டிக்கு: வாடை பட்டதும் வளைந்து விலகிப் போவது, பறவை இருக்கும் பக்கமே வராமல் புல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது, சரியாக அந்த நேரம் உங்கள் பின்னால் நடக்கத் தொடங்குவது, இவைதான் அறிகுறி. பயிற்சியை ஒரு மாதம் நிறுத்துங்கள். பிறகு லாஞ்சர், கயிறு, துப்பாக்கி எதுவும் இல்லாமல் துணிச்சலான ஒரு பெரிய நாயுடன் காடை இருக்கும் புல்லில் விடுங்கள். பெரிய நாய் பிடித்துக் கவ்விக்கொண்டு ஓடும்போது பொறாமையில் இதுவும் ஓடும். அந்தப் பொறாமை செய்கிற வேலையை எந்தத் தீனியும் செய்யாது. முதல் பறவையைத் தானே கவ்வும்போது அதை வாயிலிருந்து பிடுங்காதீர்கள், கொஞ்ச நேரம் சுமந்து திரியட்டும்.

*

முதல் பருவத்துக்கு வுட்காக் அருமையான பறவை. அக்டோபரில் தெற்கே போகும் வழியில் ஈரமான ஆஸ்பென், ஆல்டர் புதர்களில் இறங்கும். நெருங்கும்வரை அசையாது, எழும்போது மெல்லிய கீச்சொலிதான். கிரவுஸ் அப்படியில்லை, காலடியில் இடி இறங்கினாற்போல் படபடத்து எழும், கூச்சக் குட்டி அதிர்ந்துபோகும். முதல் நாளே கிரவுஸ் அடர்ந்த இடத்துக்குப் போகாதீர்கள். வுட்காக்கை வாயில் எடுக்க மறுத்தால் திட்டாதீர்கள், அதைக் கவ்வப் பிடிக்காத நல்ல நாய்கள் நிறைய உண்டு. காயம்பட்ட ஆண் பெசன்ட் (கோழி போன்ற காட்டுப் பறவை) மட்டும் முதல் ஆண்டில் வேண்டாம். அதன் காலில் கூரான முள் இருக்கிறது, குத்து வாங்கிய குட்டி அடுத்த பறவையைக் கவ்வ யோசிக்கும்.